கடல்கடந்து வந்த கூலிவீரர்: ஊவா வரலாற்றை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வடதிசைக் கடலோடிக் குலமொன்றிற் பிறந்து, தன்னூரை நீங்கி, அயல்நாட்டு மன்னனிடம் பொன்னுக்காகத் தன் வாளை ஒப்புவிக்கும் வீரன் மேனாட்டுக் கற்பனைக் கதைகளில் அடிக்கடி காணப்படும் பாத்திரமாவான். அவன் எவருக்கும் உறவினன் அல்லன்; பேசும் மொழியும் வேறு. ஆயினும் மன்னனின் உயிர் அவன் கையிலேயே இருக்கும். இத்தகைய வீரனைக் கதாசிரியர்கள் வெறும் மனோபாவத்தினாற் படைத்தார்கள் என்று எண்ணுவது பொருந்தாது. அவனுக்கு வரலாற்றில் உறுதியான வேர் உண்டு. அவ்வேரினை ஆராயப் புகுவோர் ஐரோப்பாவின் வடகடலோடு நின்றுவிடாது தமிழ்க் கடலுக்கும், அதனைக் கடந்து ஈழத்துக்கும், ஈற்றில் ஊவாவின் மலைச்சரிவுகளுக்கும் வந்துசேர்வர்.

வராங்கியரும் வேளைக்காரரும்

ஸ்கந்திநேவிய நாடுகளிலிருந்து மரக்கலங்களிலேறி ஆறுகளின் வழியே உருசிய நிலத்தினூடு தெற்கே சென்ற மக்கள் வராங்கியர் எனப்பட்டனர். 988ஆம் ஆண்டளவில் கீவ் நகரத்து விளாதிமிர் அனுப்பிய 6,000 வராங்கிய வீரர், தன் தளபதிகளின் கிளர்ச்சியினால் நெருக்குண்டிருந்த பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பசிலுக்குத் துணையாயினர். அன்று தொடங்கி அவர்களே கொன்ஸ்தாந்திநோப்பிளில் அரசனது மெய்காவற் படையாயினர். 1030ஆம் ஆண்டுகளில் அப்படையிற் சேர்ந்து பொருள் ஈட்டிய ஹரால்ட் என்பவன் பின்னர் நோர்வேயின் மன்னனாகி, 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தின்மீது படையெடுத்துச் சென்று அங்கே மடிந்தான். அந்நகரத்துப் பெருங்கோயிலாகிய ஹாகியா சோபியாவின் சலவைக்கற் கைபிடிச் சுவரில் வடநாட்டு எழுத்தினால் ஒரு வீரன் கீறிவைத்த பெயர் இன்றும் ஓரளவு வாசிக்கக்கூடியதாயுள்ளது. வராங்கியர் என்னும் பெயர் சூளுரை என்று பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது மொழியறிஞர் கருத்து.

அதே காலத்தில், 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழனிடமும் இதனை ஒத்ததொரு படை இருந்தது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் அதன் பிரிவுகள் பல பெயர்சுட்டப்படுகின்றன. அதுவே வேளைக்காரப் படை. உற்ற வேளையில் மன்னனுக்காக உயிரைக் கொடுப்போம் என்று சூளுரைத்தோர் வேளைக்காரர் எனப்பட்டனர் என்பது வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் முதலியோர் கொண்ட பொருள். ஒன்றையொன்று அறியாத இரு பேரரசுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வகையான படையை வைத்திருந்தது வியப்பன்று. சூளுரையினாற் கட்டுண்ட காவலர் தேவைப்பட்டமைக்கு இரு நாட்டிலும் காரணம் ஒன்றே. உள்நாட்டுப் பிரபுக்களுக்கு உறவுமுறையும் பகையும் உண்டு. அரசுரிமைப் போட்டியில் அவர்கள் ஏதேனும் ஒரு பக்கம் சாய்வர். உறவில்லாத அயலானோ சம்பளம் கொடுப்பவனை மட்டுமே சார்ந்திருப்பான். ஆகவேதான் ஈழத்து மன்னரும் அத்தகையோரைக் கடல்கடந்து வருவித்தனர்.

பொலன்னறுவையின் இரு சான்றுகள்

சோழரை 1070ஆம் ஆண்டில் பொலன்னறுவையினின்றும் அகற்றிய முதலாம் விசயபாகு, இன்றைய ஊவாவின் தென்பகுதியையும் உள்ளடக்கிய உறுகுணை நாட்டிலே வளர்ந்து, அங்கே வலிமை திரட்டியவன். சோழருக்கு எதிராகப் போராடிய அவனிடமே வேளைக்காரப் படை இருந்தது என்பது கருதத்தக்கது. அவனது 30ஆம் ஆட்சியாண்டளவில், சிங்களத் தூதுவரைச் சோழர் அங்கபங்கம் செய்தனர் என்ற சினத்தினால் அவன் சோழநாட்டின்மீது படையெடுக்க ஆணையிட்டான். வேளைக்காரர் செல்ல மறுத்தனர். சூளவமிசம் கூறுமாற்றால், அவர்கள் இரு தளபதிகளைக் கொன்று, அரசனின் தங்கையாகிய மித்தையை அவளுடைய மூன்று புதல்வர்களோடு சிறைப்பிடித்து, அரண்மனையைத் தீக்கிரையாக்கினர். அரசன் தெற்கே ஓடிப் படைதிரட்டி மீண்டுவந்து கிளர்ச்சியை அடக்கினான். கலகத் தலைவர்கள் மாண்ட தளபதிகளின் ஈமத்தீயைச் சூழக் கட்டப்பட்டு எரியுண்டனர்.

இது ஒருபுறச் சான்று. மறுபுறச் சான்று கல்லிலே உள்ளது. விசயபாகு 1110ஆம் ஆண்டளவில் இறந்தபின், பொலன்னறுவையில் வேளைக்காரர் தமிழிலே பொறிப்பித்த கல்வெட்டு, புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட பெரும்பள்ளியைத் தாம் காத்து நிற்பதாக அவர்கள் செய்த உடன்படிக்கையைக் கூறுகின்றது. வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் முதலாக அவர்களுள் அடங்கிய பிரிவினரை அது நிரல்படுத்துகின்றது. தம் குலம் உள்ளவரை, தம் உயிர் போயினும், அப்பள்ளியையும் அதன் உடைமையையும் அதனை அடைக்கலம் புகுந்தோரையும் காப்பதாக அவர்கள் உறுதிகூறினர். அரண்மனைக்குத் தீயிட்டவர்களின் படைமரபினர் ஒரு தலைமுறைக்குள் நாட்டின் மிகப் புனிதமான பொருளுக்குக் காவலராயினர்.

இக்கல்வெட்டில் மற்றொரு குறிப்பும் உளது. உடன்படிக்கை செய்யுமுன் தம் மூத்தோராகிய வளஞ்சியரையும் நகரத்தாரையும் அவர்கள் கூட்டினர். வளஞ்சியரும் நகரத்தாரும் வணிகர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் கணம் தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் தனக்கெனப் படைவீரரை வைத்திருந்தது; அவர்களாற் காக்கப்பட்ட வணிக நகரங்கள் எறிவீரபட்டினம் எனப் பெயர்பெற்றன. ஈழத்தில் வாகல்கடை முதலிய இடங்களிலுள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று. கூலிவீரன் தனியாளாகத் திரிந்தவன் என்று கதைகள் சொல்லும். வரலாற்றிலோ அவன் கப்பலையும் சந்தையையும் சார்ந்த ஒரு பெருங்கணத்தின் உறுப்பினனாகவே காணப்படுகின்றான்.

உறுகுணைப் போர்

1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவை உறுகுணை மக்கள் சுகலை என்னும் அரசியின் தலைமையில் எதிர்த்தனர். தந்ததாதுவும் பாத்திரதாதுவும் அவள்வசம் இருந்தன. போர் இன்றைய மொனராகலை மாவட்டத்தின் காடுகளிலும் நடந்தது. அங்குள்ள கல்பெத்தையே அக்காலத்து உத்தானதுவாரம் என்பர். பராக்கிரமபாகுவின் பெரும்படை உறுகுணையில் ஈடுபட்டிருந்த சமயம் பார்த்துக் கொட்டியாரப் பகுதியிலிருந்த வேளைக்காரர், சிங்கள, கேரள வீரருடன் கூடிக் கலகம் விளைத்தனர். அரசன் அவர்களை ஒறுத்து, அவர்கள் அனுபவித்துவந்த நிலங்களைப் பறிமுதல் செய்தான்.

அவன் கொடுத்த தண்டனையின் தன்மை ஆராய்ச்சிக்குரியது. நிலத்தைப் பறித்தான் எனின், முன்னர் நிலம் கொடுக்கப்பட்டிருந்தது என்பது பெறப்படும். ஈழத்து மன்னர் கூலிவீரருக்குப் பொன்னைமட்டும் ஈயவில்லை. சேவைக்கு ஈடாக வயலையும் ஈந்தனர். பொன்னைப் பெற்றவன் திரும்பிச் செல்வான். வயலைப் பெற்றவன் வேரூன்றுவான். பொலன்னறுவைக் கல்வெட்டிலும் நிலம் ஒதுக்கியமை பேசப்படுகின்றது. அந்நியன் உள்நாட்டானாகும் வழி இங்கே புலனாகின்றது.

கரையாரின் தோற்றக் கதை

கடலோடிக் குலமொன்றின் தோற்றத்தைப் படைத்தொழிலோடு நேரே இணைத்துக் கூறும் ஈழத்து நூல் முக்கர ஹட்டன என்பதாகும். ஹியூ நெவில் சேர்த்த ஏட்டுச்சுவடிகளுள் ஒன்றாகிய இது இலண்டனிற் பாதுகாக்கப்பட்டுள்ளது. 15ஆம் நூற்றாண்டிற் கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு, புத்தளக் கரையைத் தம் வயப்படுத்தியிருந்த முக்குவரை அடக்குதற்பொருட்டுக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து 7,000க்கு மேற்பட்ட வீரரை வருவித்தான் என அது கூறும். புத்தளக் கோட்டை மூன்று மாதங்கள் முற்றுகையிடப்பட்டதென்றும், தலைவருள் ஒருவனாகிய மாணிக்கத் தலைவன் அப்போரில் உயிர்நீத்தான் என்றும், வென்றோருக்கு நீர்கொழும்பு சார்ந்த நிலங்கள் வழங்கப்பட்டன என்றும் அக்கதை செல்கின்றது.

இந்நூலின் ஒவ்வோர் எண்ணையும் பெயரையும் அவ்வாறே வரலாறெனக் கொள்ளுதல் தகாது. ஒரு குலம் தன் நிலவுரிமையையும் மதிப்பையும் நிலைநாட்டுதற்குச் சொல்லிக்கொண்ட கதை அது. முக்குவரும் கடலோடிகளே, அவர்கள் தரப்புக் கதை வேறாக இருக்கும். எனினும் கதையின் கரு நம்பத்தக்கது. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறி வந்தோர் ஈழத்து மன்னரின் போரிற் பங்குகொண்டு மேற்குக் கரையில் நிலைபெற்றனர் என்பதற்கு ஊர்ப்பெயரும் குலப்பெயரும் துணைநிற்கின்றன. குருகுலசூரிய, வர்ணகுலசூரிய என்னும் பெயர்கள் நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையும் இன்றும் பரவலாக வழங்குகின்றன. அவற்றைத் தாங்குவோரிற் பலர் இப்பொழுது சிங்களத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களை எவரும் அந்நியர் என்பதில்லை.

வடக்கிலும் இக்குலத்தார் யாழ்ப்பாண மன்னருக்குக் கடற்படையாக இருந்தனர். 1619ஆம் ஆண்டிற் பிலிப்பே த ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின், அதனை மீட்கத் தஞ்சை இரகுநாத நாயக்கனின் துணையோடு போர்தொடுத்த வருணகுலத்தான் என்பவனைப் போர்த்துக்கேய எழுத்துக்கள் கரையாரின் தலைவன் எனக் குறிக்கின்றன. மன்னனும் இராச்சியமும் போனபின்னும் போரைத் தொடர்ந்தவன், கூலிக்குமட்டும் வாளெடுத்தவன் ஆகான்.

1630ஆம் ஆண்டு, ரந்தெனிவெல

போர்த்துக்கேயரும் வடமேற்கிலிருந்து வந்த கடலோடிகளே. அவர்களது சேனாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா 1630ஆம் ஆண்டில் ஊவாவுக்குட் புகுந்து பதுளையைச் சூறையாடி எரித்தான். அவனுடைய படையிற் போர்த்துக்கேயர் சிறுதொகையினர். பெருந்தொகையினர் லஸ்கரின் எனப்பட்ட உள்நாட்டுக் கூலிவீரர். மீளும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவிற் செனரத் மன்னனின் படை அவனைச் சூழ்ந்தது. மன்னனின் மகன் இராசசிங்கனும் ஊவாவின் இளவரசன் குமாரசிங்கனும் அப்படையில் இருந்தனர். லஸ்கரின் படையின் முதலியார்கள், முன்னரே செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டின்படி, மன்னன் பக்கம் மாறினர். பெய்த மழையினால் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் பயனற்றன. ஓகத்து 25ஆம் நாள் சேனாதிபதி போர்க்களத்தில் மடிந்தான். அவனோடு வந்த போர்த்துக்கேயருள் தப்பியோர் சிறைப்பட்டனர்.

இதனைத் துரோகம் எனப் போர்த்துக்கேய ஆசிரியர் எழுதினர். நாட்டுப்பற்று எனச் சிங்களப் புலவர் பாடினர். இரு சொல்லுக்கும் இடையே நிற்பதொரு நிலையே கூலிவீரனின் உண்மை நிலை. அவனது விசுவாசம் சம்பளத்தினால் மட்டும் ஆனதன்று. அவனுடைய மனைவி மக்கள் எங்கே வாழ்கின்றனர், அவனுடைய வயல் யாருடைய ஆணைக்குட் கிடக்கின்றது, நாளை எவனை எசமானாக ஏற்க நேரும் என்ற கேள்விகளே அவன் வாள் எப்பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானித்தன.

மலாயரும் 1818ஆம் ஆண்டுப் போரும்

ஒல்லாந்தர் சாவகத் தீவுகளிலிருந்து மலாய வீரரை ஈழத்துக்குக் கொணர்ந்தனர். 1803ஆம் ஆண்டுப் போரில் இவர்கள் இருபக்கமும் நின்றனர். கண்டி மன்னனின் சேவையிலிருந்த சங்குங்லோ என்னும் மலாயத் தலைவன் அப்போரிலே மடிந்தான். ஆங்கிலேயப் படையின் மலாயத் தளகர்த்தன் நூருத்தீன் சிறைப்பட்டு, மன்னனின் சேவையை ஏற்க மறுத்ததனாற் கொல்லப்பட்டான். கூலிவீரனுக்குச் சொல்லுறுதி இல்லை என்போருக்கு இந்நூருத்தீன் வரலாறே தக்க விடையாகும்.

1817ஆம் ஆண்டில் ஊவாவில் எழுந்த பெருங்கிளர்ச்சிக்குத் தலைமைதாங்கியவன் தன்னை நாயக்க மரபினனாகிய துரைசாமி என்று கூறிக்கொண்டான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அரசமரபின் பெயர் ஊவாக் குடிமக்களை ஒன்றுசேர்க்கும் வலிமை உடையதாயிருந்தது என்பது இதனால் விளங்கும். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டான். அடக்கவந்த ஆங்கிலப் படையில் வெள்ளையரோடு மலாயரும், ஆபிரிக்கக் காப்பிரிகளும், இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்தும் படைகள் வருவிக்கப்பட்டன. வயல்கள் அழிக்கப்பட்டன, ஊர்கள் எரிக்கப்பட்டன. அடக்க அனுப்பப்பட்டுப் பின்னர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்த கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பர் 26இற் சிரச்சேதம் செய்யப்பட்டான்.

மலாயர் பெரும்பான்மையாக இருந்த இலங்கைத் துப்பாக்கிப் படை 1873ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. அவ்வீரரின் சந்ததியார் காவற்றுறையிலும் தோட்டங்களிலும் அலுவல் பெற்றனர். பதுளை நகரில் வாழும் மலாயக் குடும்பங்கள் அம்மரபின் எச்சமாகும்.

வாளும் கவ்வாத்துக் கத்தியும்

1830ஆம் ஆண்டுகள் தொடங்கிக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றின் பின் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து இராமேசுவரக் கடலைக் கடந்து மன்னாரிலிறங்கி, மாத்தளைக்குச் செல்லும் காட்டுப் பாதையிற் கால்நடையாய் வந்தோர் ஊவாவின் மலைகளிலும் குடியேறினர். 1914ஆம் ஆண்டில் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும், 1924ஆம் ஆண்டிற் பதுளைவரை புகையிரதமும் வந்தன. இவர்களுக்கும் வழங்கப்பட்ட பெயர் கூலி என்பதே. கூலிப்படை என்ற சொல்லிலுள்ள அதே சொல், படையினின்றும் பிரிந்து, தொழிலாளியின்மீது இழிவாக ஒட்டிக்கொண்டது.

இரு முறைகளுக்குமிடையே உள்ள ஒற்றுமை சொல்லளவில் நிற்பதன்று. பழைய படைத்தலைவன் தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தான். சம்பளத்தைத் தானே பெற்றுப் பகிர்ந்தான். பெரிய கங்காணியும் தன் ஊராருக்கு முன்பணம் கொடுத்து அழைத்துவந்தான். ஆட்கணக்கின்படி தலைக்காசு பெற்றான். கடனைத் துண்டில் எழுதித் தொழிலாளியைத் தோட்டத்திற்குத் தோட்டம் மாற்றினான். துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

வேற்றுமையோ ஒன்றேயாயினும் மிகப் பெரிது. வேளைக்காரன் வயல் பெற்றான். நீர்கொழும்புக் கரையான் கடற்கரையும் தோப்பும் பெற்றான். கொல்ல வந்தவர்களுக்கு இந்நாடு நிலம் கொடுத்தது. கொழுந்து பறிக்க வந்தவர்களுக்கு லயத்து அறையொன்றே கிடைத்தது, அதுவும் வேலையுள்ளவரை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டில் இரு பிரதமர்களும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய தீர்மானம் 1974ஆம் ஆண்டிலேயே உண்டாயிற்று. ஊவாவின் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தவர் பலர் தாம் கண்டறியாத ஊர்களுக்குப் புகையிரதமேறினர். எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே பெரிதும் நீங்கியது. நிலவுரிமையும் வீட்டுரிமையும் இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியக்கிடப்பன சில. கூலிவீரன் என்பான் வேரற்ற தனியன் அல்லன். கடலும் வணிகமும் குலமும் சேர்ந்து உருவாக்கியவன். அவனது சூளுரை சிலவேளை முறிந்தது. சிலவேளை உயிரினும் பெரிதாக நின்றது. எங்கிருந்து வந்தான் என்பது அவனை உள்நாட்டானாக்கவோ அயலானாக்கவோ செய்யவில்லை. காலூன்ற நிலமும், காக்கத்தக்க ஒரு பொருளும், புதைக்கவும் எரிக்கவும் ஓரிடமும் கிடைத்தபோது இரண்டு மூன்று தலைமுறைகளுள் அவன் இந்நாட்டவனானான்.

இலங்கையில் எக்குலத்தின் தோற்றக் கதையை எடுத்தாலும் அதன் முதலடியில் ஒரு மரக்கலம் நிற்கக் காணலாம். விசயன் கதையும் அவ்வாறே தொடங்குகின்றது. முன்னே வந்த மரக்கலத்தார் பின்னே வந்த மரக்கலத்தாரைப் பார்த்து, நீவிர் கூலிக்கு வந்தவர் என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஊவாவில் வாள்பிடித்த அயலாருக்குச் சான்றாகக் கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் உள. கவ்வாத்துக் கத்தி பிடித்தோருக்கு அத்தகைய கல்வெட்டு இல்லை. தோட்டங்களின் பெயர்ப்பதிவேடுகளும், பிறப்பு இறப்புப் பதிவுகளும், மூத்தோர் நினைவிலுள்ள செய்திகளுமே அவர்களுக்குரிய சான்றுகள். பதிவேடுகள் நாளுக்குநாள் சிதைகின்றன, மூத்தோரும் மறைகின்றனர். இவை முற்றும் அழியுமுன் அவற்றைத் தொகுத்து எழுதிவைப்பது மலைநாட்டில் வரலாறு கற்கும் மாணவரின் முதற்கடனாகும்.